பூக்கள் நாலு மணிக்கு நடை சாத்திவிடும்: கேப் மேற்குக் கரையில் புதிதாகப் படம் எடுக்கக் கிளம்புபவர்களுக்கு

கேப் டவுனுக்கு வேலை மாறி வந்த நம்மூர்ப் பிள்ளைகளும் சரி, விடுமுறைக்கு டர்பனிலிருந்து வரும் குடும்பங்களும் சரி, ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஒரே ஆசையைத்தான் சொல்கிறார்கள். மேற்குக் கரைத் தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும், கடலோரத்தில் விரிந்து கிடக்கும் காட்டுப்பூக்களை மஞ்சள் வெயிலில் படம் எடுக்க வேண்டும். புகைப்படம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லோரும் உச்சி வெயிலில் எடுக்காதே, பொழுது சாயும்போது எடு என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதை நம்பி மதியம் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, நிதானமாகக் கிளம்பி ஐந்து மணிக்குப் போய் நின்றால் அங்கே பூ இருக்காது. செடி இருக்கும், சுருண்டு மூடிய தலைகள் இருக்கும், அவ்வளவுதான்.

காரணம் எளிது. இந்தக் கரையில் கூட்டம் கூட்டமாகப் பூப்பவை பெரும்பாலும் டெய்சி வகைகள். வெளிச்சமும் சூடும் இருந்தால்தான் அவை விரியும். காலை பத்தரை, பதினொன்றுக்கு மெல்ல மெல்லத் திறக்கும், பிற்பகல் மூன்றரை, நாலுக்கு மூட ஆரம்பித்துவிடும். மேகம் மூடினால் திறக்கவே திறக்காது. வெயில் இருந்தும் குளிர் விடவில்லை என்றால், அதாவது 17, 18 டிகிரிக்குக் கீழே இருந்தால், அரைகுறையாகத்தான் திறக்கும்.

ஆகவே பூவும் அந்தி வெளிச்சமும் இரண்டு தனித்தனி வேலை என்று மனதில் வைத்துக்கொண்டு நாளைப் பிரியுங்கள். பகலில் பூ, சாயங்காலம் கடல். நடுவில் மூன்றிலிருந்து நாலு வரை இரண்டும் கொஞ்சம் உரசிக்கொள்ளும் ஒரு மணி நேரம் கிடைக்கும், அது தங்கம், அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் நாள் குறியுங்கள்

பூங்காவுக்குள் பூவுக்குப் பெயர் போன பகுதி போஸ்ட்பெர்க். லாங்கபான் காயலுக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தின் நுனி. வருடத்தில் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதம்தான் பொதுமக்களுக்குத் திறப்பார்கள், அதுவும் காலை 9 முதல் மாலை 5 வரை. பூங்கா முழுவதும் வருடம் பூராவும் திறந்திருக்கும், ஆனால் பிரதான வாசல் ஆகஸ்டில் மாலை 6 மணிக்கும் செப்டம்பரில் 7 மணிக்கும் மூடும். உள்ளே நுழையும்போதே வாசலில் எழுதியிருக்கும் நேரத்தை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலத் திட்டம் முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது.

கேப்பில் குளிர்காலத்தில்தான் மழை. மே, ஜூன், ஜூலையில் மழை விட்டு விட்டுப் பெய்திருந்தால் பூ கொழிக்கும். இடையில் கிழக்கிலிருந்து சுடுகாற்று இரண்டு மூன்று நாள் அடித்தால் போதும், வதங்கிவிடும். அதனால் இரண்டு மாதத்துக்கு முன்பே தேதி போட்டு விடுதிக்குப் பணம் கட்டுவதைவிட, ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை வானிலையைப் பார்த்துக்கொண்டே இருந்து, மழை விட்ட இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, காற்று குறைவாக, வானம் சுத்தமாக இருக்கும்போது கிளம்புவது புத்திசாலித்தனம். டர்பனிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாதுதான். அப்படியானால் கேப் டவுனில் தங்கும் நாட்களில் பூங்காவுக்கான நாளை மட்டும் முன்கூட்டி முடிவு செய்யாமல் வையுங்கள். டேபிள் மலையை எந்த நாளும் பார்க்கலாம், பூவை அப்படிப் பார்க்க முடியாது.

முடிந்தால் வார நாள். செப்டம்பர் 24, பாரம்பரிய நாள் விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் மட்டும் போகாதீர்கள், வாசலில் வண்டி வரிசை நகரவே நகராது, நீங்கள் உள்ளே போய்ச் சேரும்போது பூ மூடும் நேரமாகிவிடும். உள்ளூர் அடையாள அட்டை இருப்பவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள், வெளிநாட்டவருக்கான கட்டணத்துக்கும் நமக்கான கட்டணத்துக்கும் நிறைய வித்தியாசம். பூக்காலத்தில் கட்டணமே மற்ற மாதங்களைவிடக் கூடுதல்.

பையில் என்ன வைக்க வேண்டும்

நல்ல கைபேசி ஒன்றே போதும். கேமரா வைத்திருப்பவர்கள் மூன்று லென்ஸ் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், தூரத்தைக் கிட்டே இழுக்கும் ஒரு சூம் லென்ஸ், 70-200 மாதிரி, போதும். மிகக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் கொண்டுபோங்கள், இல்லை என்று வருத்தப்பட ஒன்றுமில்லை. பூ வயலுக்கு அகலமான லென்ஸ்தான் வேண்டும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அகல லென்ஸில் பூக்களுக்கு நடுவே இருக்கும் மணல் திட்டெல்லாம் பெரிதாகத் தெரியும், வயல் வழுக்கை விழுந்தாற்போல வந்து நிற்கும். தூரத்தில் நின்று சூம் லென்ஸில் எடுத்தால் முன் வரிசையும் பின் வரிசையும் நெருங்கி ஒட்டிக்கொண்டு, பாய் விரித்தது போல அடர்த்தியாக வரும். கைபேசியிலும் அப்படித்தான், 1எக்ஸில் எடுக்காமல் 2எக்ஸ், 3எக்ஸில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

அப்புறம், தரையில் முழங்காலிட ஒரு பழைய பிளாஸ்டிக் விரிப்பு, லென்ஸ் துடைக்கும் துணி இரண்டு, கேமராவுக்கு ஒரு உபரி பேட்டரி, ட்ரைபாட், தொப்பி. காலையில் 10 டிகிரியில் கிளம்பி மதியம் வியர்த்து, சாயங்காலம் மறுபடி நடுங்க வேண்டியிருக்கும், பெங்குவேலா நீரோட்டத்தால் இந்தக் கடல் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும், காற்றும் அப்படியே. ஜாக்கெட்டை வண்டியிலேயே வைத்திருங்கள். நீளமான கால்சட்டை, காலுறை கட்டாயம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். போலரைசர் ஃபில்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இலைமேல் மின்னும் வெள்ளை மினுக்கையும் காயல் தண்ணீரின் கண்ணாடி மினுக்கையும் அது தின்றுவிடும். ட்ரோன் எடுத்துவராதீர்கள், தேசியப் பூங்காக்களில் தடை.

சாப்பாட்டு டப்பாவின் வெள்ளை மூடியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒற்றைப் பூவை எடுக்கும்போது நிழல் விழுந்த பக்கத்தில் அந்த மூடியைப் பிடித்தால் மெல்லிய வெளிச்சம் திரும்பி விழும். எவர்சில்வர் தட்டைப் பிடிக்காதீர்கள், அது வெளிச்சத்தை ஊசி மாதிரித் திருப்பி அடிக்கும். டப்பாவுக்குள் இருப்பது உங்கள் இஷ்டம். டர்பன் கோஷ்டியோடு போனால் சில்லி பைட்ஸ் என்கிற காரப் பஜ்ஜி நிச்சயம், புரட்டாசி பிறந்துவிட்டதென்றால் கறி சமோசாவை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

உள்ளே போகும்போது பூ முதுகைக் காட்டும்

கேப் டவுனிலிருந்து ஆர்27 சாலையில் நேராக வடக்கே, ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. பூங்கா வாசலிலிருந்து போஸ்ட்பெர்க் போய்ச் சேர இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், உள்ளே வேக வரம்பு 50தான். அதை மீறாதீர்கள், போலீஸுக்காகச் சொல்லவில்லை, ஆமைகளுக்காகச் சொல்கிறேன். சாலையை அவசரமே இல்லாமல் கடந்துகொண்டிருக்கும். வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளம்பும்போதும் சக்கரத்துக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள், வெயிலுக்கு அங்கே ஒதுங்கியிருக்கும். காலை எட்டரைக்கெல்லாம் நகரத்தை விட்டுக் கிளம்பினால் பூ திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். நாம் இருப்பது பூமியின் தென்பாதி. நண்பகலில் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். டெய்சிகள் சூரியனைப் பார்த்துத்தான் முகம் திருப்பும், அதனால் பகல் பூராவும் எல்லாப் பூவும் வடக்கே பார்த்துக்கொண்டிருக்கும். போஸ்ட்பெர்க்குக்குள் போகும் பாதை ஏறக்குறைய வடக்கு நோக்கிப் போகிறது, ஆகவே போகும் வழியெல்லாம் அவற்றின் முதுகுதான் தெரியும். பூவே இல்லையே என்று பலர் பாதியில் திரும்பிவிடுகிறார்கள். அவசரப்படாமல் கடைசி வரை போய்விட்டுத் தெற்கு நோக்கித் திரும்பி வாருங்கள், அத்தனை பூவும் உங்கள் முகத்தைப் பார்க்கும். எங்கே நின்றாலும் இதே கணக்குத்தான்: சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பூ உங்களைப் பார்க்கிறது.

இன்னொரு நல்ல செய்தி, உச்சி வெயில் கெடுதல் என்பது சென்னையிலும் மதுரையிலும் சரி, இங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் அவ்வளவு சரியில்லை. சூரியன் உச்சிக்கு வருவதே பன்னிரண்டே முக்கால் வாக்கில், அப்போதும் தலைக்கு நேர் மேலே வராது, ஆகஸ்ட் நடுவில் அடிவானத்திலிருந்து 43 டிகிரி உயரம், செப்டம்பர் கடைசியில் 59 டிகிரி, அவ்வளவே. நிழல் எப்போதும் கொஞ்சம் நீளமாகவே விழும். நண்பகல் வெளிச்சத்தில் எடுப்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

படம் எடுக்கும்போது

வண்டியை விட்டு இறங்கலாம் என்று குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இறங்குங்கள், பாதையிலேயே நில்லுங்கள். பூவுக்கு நடுவில் படுத்துக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு ஆள் படுத்து எழுந்த இடம் அந்தப் பருவம் முழுக்க மொட்டையாகவே கிடக்கும், அடுத்து வருகிறவர் அதே இடத்தில்தான் தானும் படுப்பார், இப்படித்தான் நடுவயலில் பாதை உண்டாகிறது. பாதையோரத்தில் நிற்கும் ஒரு கொத்தே போதும். விரிப்பைப் பாதையிலேயே போட்டு முழங்காலிட்டு, கேமராவைப் பூவின் உயரத்துக்கு இறக்குங்கள். நின்ற வாக்கில் மேலிருந்து எடுத்தால் வரைபடம் மாதிரி இருக்கும், பூ உயரத்துக்கு இறங்கினால் பின்னால் வயல் முழுவதும் வண்ணப் பட்டையாகக் கரைந்து நிற்கும், அதற்கும் பின்னால் ஒரு கோடு நீலமாகக் காயல்.

முழங்காலிடும் முன் இடத்தைப் பாருங்கள். பஃப் ஆடர் என்ற தடித்த விரியன் இந்தப் பக்கம் உண்டு, ஆள் அரவம் கேட்டால் ஓடாமல் அசையாமல் கிடப்பது அதன் குணம். உண்ணியும் வசந்தத்தில் அதிகம், அதற்குத்தான் நீளக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகச் சொன்னது.

இனி நிறத்துக்கு நிறம் மாறும் சமாச்சாரம். மழை டெய்சி என்பார்கள், வெள்ளை இதழ், அடியில் ஊதா வளையம், நடுவில் கருப்பாக ஒரு கண். ஒற்றைப் பூவை இருட்டான பச்சைப் பின்னணியில் எடுத்தால் கேமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இதழ் வெறும் வெள்ளைக் காகிதமாகப் போய்விடும், நரம்பு தெரியாது. அப்போது குறைக்க வேண்டும். அதே வெள்ளைப் பூ ஃப்ரேம் முழுக்க நிறைந்திருந்தால் நேர் எதிர், கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், கொஞ்சம் கூட்ட வேண்டும். கைபேசியில் பூவின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்தால் வெளிச்சம் கூடும், குறையும்.

ஆரஞ்சுதான் படுத்தும் நிறம். ஆரஞ்சு டெய்சி, கஸானியா, அப்புறம் கண்ணைக் கூசும் ரோஜா நிறத்தில் தரையோடு படர்ந்திருக்கும் ஃபெய்கி. கண்ணுக்கு இதழ் இதழாகத் தெரியும், படத்தில் பார்த்தால் வண்ணத்தைக் கொட்டியது போல ஒரே திட்டாக நிற்கும். கேமராவின் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடுவதால் வரும் வினை இது. ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம், சரியாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், சிவப்பைத் தனியாகக் காட்டும் வசதி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் (-0.7) குறைத்து எடுங்கள். கேமராவில் ‘விவிட்’ போன்ற நிற அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். கேமரா திருத்தாத மூலக் கோப்பான ராவில் (RAW) எடுக்க முடிந்தால் அதிலேயே எடுங்கள்.

கிட்டத்தில் போனால் பூவுக்குள் ஆள் இருக்கும். மயிர் அடர்ந்த சிறிய வண்டுகள், இங்கே குரங்கு வண்டு என்கிறார்கள், டெய்சியின் நடுக்கண்ணில் தலையைப் புதைத்துக்கொண்டு, பின்னங்கால் இரண்டையும் மேலே நீட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் மகரந்தம் அப்பிக் கிடக்கும். நீங்கள் கேமராவை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனாலும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஃபோகஸை வண்டின்மேல் வையுங்கள், இதழ் நுனி மங்கினால் பரவாயில்லை. கைபேசியில் ரொம்ப நெருங்கும்போது அது தானாகவே அகல லென்ஸுக்குத் தாவும், படம் ஓரமெல்லாம் வளைந்து, உங்கள் கையின் நிழலும் சேர்ந்து விழும். அப்படித் தாவினால் ஒரு முழம் பின்னால் வந்து 2எக்ஸில் எடுங்கள்.

காற்று நிற்கவே நிற்காது, அதோடு சண்டை போடாதீர்கள். ஷட்டர் வேகத்தை 1/500 விநாடிக்கு மேல் வையுங்கள், பலமாக அடித்தால் 1/1000. அதற்காகக் கேமராவின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓ 400, 800 போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பூ ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி நடுவுக்கு வந்து ஒரு கணம் தயங்கும், அந்தத் தயக்கத்தில் அழுத்துங்கள், தொடர்ச்சியாக ஐந்தாறு எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

போஸ்ட்பெர்க்கில் வரிக்குதிரை, ஈலண்ட் மான், போன்ட்பொக் மான் எல்லாம் பூவுக்கு நடுவில் மேயும். வண்டியிலிருந்தே எடுங்கள், இஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, அதன் விளிம்பில் ஒரு துண்டை மடித்து வைத்து லென்ஸைத் தாங்குங்கள்.

மூன்றிலிருந்து நாலு வரை

இந்த நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்திருங்கள். சூரியன் வடமேற்கே இறங்க ஆரம்பித்திருக்கும், வெளிச்சம் மென்மையாகும், பூ இன்னும் விரிந்திருக்கும். காலையிலிருந்து சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்தே எடுத்திருப்பீர்கள், இப்போது எதிர்ப்பக்கம் போய், சூரியனைப் பார்த்து உட்காருங்கள். பூ உங்களுக்கு முதுகைத்தான் காட்டும், ஆனால் இதழ் வழியாக வெளிச்சம் ஊடுருவி வரும்போது ஆரஞ்சு விளக்கேற்றியது போல எரியும், தண்டில் இருக்கும் மெல்லிய ரோமமெல்லாம் வெள்ளிக் கோடாகத் தெரியும். சூரியன் நேராக லென்ஸுக்குள் விழாதபடி தொப்பியாலோ கையாலோ மறைத்துக்கொள்ளுங்கள்.

டர்பனிலிருந்து வந்த ஒரு பெரியம்மா இந்த நேரத்தில் வயலைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, இவ்வளவு நேரம் வெள்ளையா இருந்த இடம் அழுக்காயிடுச்சே” என்றார். அவர் கண் தப்பவில்லை. மழை டெய்சியின் இதழ் மேலே வெள்ளை, கீழ்ப்பக்கம் ஊதாவும் பழுப்பும் கலந்த நிறம். மூடும்போது கீழ்ப்பக்கம் வெளியே வந்துவிடும், வெள்ளை வயல் அரை மணிக்குள் மங்கலான ஊதாவாக மாறிவிடும். பாதி மூடிய இந்த நிலையில் தரையோடு தரையாக, சூரியனுக்கு எதிராக வைத்து எடுத்துப் பாருங்கள். விரிந்த பூவை எல்லோரும் எடுக்கிறார்கள், இதை எடுப்பவர்கள் குறைவு.

சாயங்காலத்துக்கு எங்கே போவது

நாலேகாலுக்குப் போஸ்ட்பெர்க்கை விட்டுக் கிளம்பிவிடுங்கள். இங்கே கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். சூரியன் மறைவது ஆகஸ்ட் நடுவில் 6.20 வாக்கில், செப்டம்பர் நடுவில் 6.40, செப்டம்பர் கடைசியில் 6.50ஐ ஒட்டி. வாசலோ ஆகஸ்டில் ஆறுக்கே மூடிவிடும். ஆகவே ஆகஸ்டில் பூங்காவுக்குள் அஸ்தமனம் பார்க்க முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம்.

செப்டம்பரானால் காயலைச் சுற்றிக்கொண்டு லாங்கபான் பக்க வாசலை நோக்கி வாருங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். வழியில் கீல்பெக் பண்ணை வீடு, பக்கத்தில் பறவை பார்க்கும் மறைவிடங்கள், தண்ணீர் வற்றிய சேற்றில் பறவைகள். அங்கே ரொம்ப நேரம் உட்கார்ந்துவிடாமல், வாசலுக்கு அருகில் இருக்கும் சீபெர்க் மேட்டுக்குப் போங்கள். மேற்கே காயல் முழுவதும் விரிந்து கிடக்கும், அதற்கு அப்பால் நீங்கள் பகலில் இருந்த போஸ்ட்பெர்க் குன்றுகள், அவற்றுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். வாசல் பக்கத்திலேயே இருப்பதால் ஏழுக்குள் வெளியே போய்விடலாம்.

ஆகஸ்டில் வருகிறவர்களுக்கும், அன்றே கேப் டவுன் திரும்ப வேண்டியவர்களுக்கும் நான் சொல்வது பிளோபெர்க் கடற்கரை. ஆர்27 வழியாகவே தெற்கே வந்துவிடலாம், ஐந்தே முக்காலுக்கு நிற்கலாம். ஆட்கள் நடமாட்டம் உண்டு, வண்டி நிறுத்தப் பயமில்லை, ஆனாலும் கேமராப் பையை வெளியே தெரியும்படி இருக்கையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கடலோர மணல்மேட்டில் சவர் ஃபிக் படர்ந்திருக்கும், தடித்த முக்கோண இலைகள், சாய்ந்த வெயிலில் ஓரங்கள் சிவந்து மின்னும், பூ மூடியிருந்தாலும் முன்புறத்துக்கு அழகான விஷயம். தெற்கே விரிகுடாவுக்கு அப்பால் டேபிள் மலை. சூரியன் வலது பக்கம், மேற்கே கடலில் இறங்கும். மலையின்மேல் பக்கவாட்டில் வெயில் விழும், மடிப்பு மடிப்பாகத் தெரியும். டர்பனிலும் மெரினாவிலும் சூரியன் கடலிலிருந்து எழுந்தே பார்த்தவர்கள் நாம், கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கும்போது கேமரா தானாகவே சூரியன் பக்கம் திரும்பிவிடும். கொஞ்சம் அடக்கிக்கொண்டு மலைப் பக்கம் எடுங்கள். சூரிய உருண்டையை மட்டும் எடுத்த படத்தை எந்தக் கடற்கரையில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த வெளிச்சத்துக்கு இரண்டு அமைப்புகளை மாற்றியே ஆக வேண்டும். வெள்ளைச் சமநிலை தானியங்கியில் இருந்தால் கேமரா மஞ்சளைக் குறையென்று நினைத்துக்கொண்டு துடைத்துவிடும், வெயில் குறியில் வைத்துவிடுங்கள், மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். அடுத்தது வெளிச்ச அளவு. கைபேசி இருட்டையும் வானத்தையும் சேர்த்துச் சமன் செய்யப் பார்த்து, பாறையெல்லாம் பகல் மாதிரிக் காட்டும். வானத்தில் விரலை வைத்துப் பூட்டிக் குறையுங்கள். பாறை கருப்பானால் கருப்பாகட்டும். நாணல் மாதிரி வளரும் ரெஸ்டியோ புல், மணல்மேட்டுக் கதிர்கள் எல்லாம் இந்த நேரத்தில் சூரியனுக்கு எதிராக எடுக்கப் பிறந்தவை.

அலையை எடுக்க 1/1000இல் ஒன்று, ட்ரைபாடில் வைத்து அரை விநாடியில் ஒன்று. பாறைமேல் நிற்கும்போது கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். இந்தக் கரையில் பத்து அலை சும்மா வந்து போகும், பதினொன்றாவது ஆளையே இழுக்கும்.

சூரியன் மறைந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், நீங்கள் கிளம்பாதீர்கள். ஊரில் சட்டென்று இருட்டிவிடும், இங்கே அந்தி சற்று நீளம். ஐந்து பத்து நிமிடத்தில் கிழக்கே, சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம், அடிவானத்தில் சாம்பல் நீலப் பட்டை ஒன்று, அதன்மேல் ரோஜா நிறப் பட்டை ஒன்று எழும்பும். அதையும் திரும்பிப் பார்த்து எடுங்கள். பிறகு நகரத்து விளக்குகள் எரியும், வானம் கருநீலமாகும், ஐஎஸ்ஓவை 100க்கு இறக்கி, இரண்டு விநாடி டைமர் போட்டு, ட்ரைபாடில் எடுங்கள். ட்ரைபாட் இல்லாவிட்டால் நடைபாதைச் சுவர்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்தாலும் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் குளித்து, முழங்கால் பின்பக்கம், இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், பிள்ளைகளையும் பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். ஒரு வாரம் பத்து நாளுக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்து, கடித்த இடம் கருத்திருந்தால் மருத்துவரிடம் காட்டி, மேற்குக் கரைக்குப் போனதைச் சொல்லுங்கள்.

கேமராவில் படிந்த உப்பை அன்றிரவே எடுத்துவிடுங்கள். லென்ஸை எடுத்த எடுப்பில் துடைக்கக் கூடாது, மணல் கீறிவிடும். முதலில் ஊதியால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கம், கடைசியாகக் காய்ந்த துணி. ட்ரைபாட் கால்களைக் கழுவி, மூட்டுகளைத் திறந்து விட்டு உலர வையுங்கள்.

படங்களை மறுநாள் பாருங்கள், அன்றிரவு எல்லாமே அழகாகத் தெரியும். திருத்தும்போது நிறத்தைக் கூட்டும் பட்டனை ஆரஞ்சுப் பூவுக்குத் தொடவே வேண்டாம், தேவைப்பட்டால் ஆரஞ்சை மட்டும் சற்றுக் குறையுங்கள், இதழின் கோடுகள் மேலே வரும். அந்திப் படத்தில் நிழலை மேலே தூக்காதீர்கள். பகலில் எடுத்த பூவின்மேல் அந்தி வானத்தை ஒட்டி விற்கும் செயலிகள் இருக்கின்றன, செய்து பார்த்துவிட்டுக் குடும்பக் குழுவில் போட்டால் சென்னை மாமா கைதட்டுவார். கேப்காரர் ஒருவர் பார்த்தால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார், ஆறரை மணிக்கு எந்த டெய்சி விரிந்திருக்கிறது என்று.